தொறப்பு

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவேன். அதனால் டிராக்டர் வைத்திருக்கும் பாய் போன் செய்து, "நாளைக்கு சாய்ங்காலம் பள்ளிவாசல்ல நோம்பு தொறப்பு கீதுணா. நீ அவசியம் வந்துடணும். பெரியவங்கல்லாம் இருப்பாங்க. உன்னாண்ட ஒரு விஷயம் பேசணும்" என்றபோது அந்த அழைப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நோன்பை எப்படித் திறப்பது? எங்கள் வீட்டில் விரதத்தை முடிப்பார்கள், விடுவார்கள். திறப்பதென்றால் மடையைத் திறப்போம், பூட்டைத் திறப்போம். அவர்கள் கண்ணை உறுத்தும்படி என்னிடம் இருந்த பூட்டு ஒன்றே ஒன்றுதான். அது என் கழனி கேட்டில் தொங்கியது.

உத்திரமேரூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் பாய்மார் வீடுகள் கொஞ்சம்தான். அவர்கள் அடக்கம் செய்யும் இடம் என் கழனிக்கு அந்தப் பக்கம், ஏரியை ஒட்டி இருக்கிறது. மழையில் ஏரி நிரம்பினால் அங்கே போகும் தடம் முழுகிவிடும். என் வரப்போரமாக வழி விட்டால் நனையாமல் போகலாம். ஐப்பசியில் வந்து கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அது அவர்களுக்கும் தெரியும்.

சவம் ஒருமுறை போன வழியை அப்புறம் மறிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாலையை அகலப்படுத்தியபோதே நிலத்தில் ஒரு பக்கத்தைப் பறிகொடுத்தவன் நான். மிச்சத்தை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டும். அவர்கள் வந்து போன கையோடு கம்பிவேலி அடித்து, கேட் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகும் பாய்தான் என் கழனியை உழுதார். வழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய தாயார் வெகு நாளாகப் படுத்த படுக்கை. அடுத்த மழைக்காலத்தை அந்த அம்மாள் தாண்டுவது கஷ்டம் என்று ஊரே பேசியது. அப்படியிருக்க இந்த மனிதர் சும்மா இருப்பாரா?

கஞ்சி ஊற்றத்தான் கூப்பிடுகிறார்கள், குடித்துவிட்டு வாயேன் என்றாள் என் மனைவி. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்றேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு போனேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஜமக்காளம் விரித்து வரிசையாக உட்கார வைத்தார்கள். பாய் என்னைப் பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்தேன். ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சி, மசால்வடை, இரண்டு பேரீச்சம்பழம். இஞ்சியும் கறியும் கலந்த வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் ஒருவரும் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் நின்றுபோனது. எல்லாரும் என் தலைக்கு மேலே சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையே பார்ப்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாமே முந்திக்கொள்வோம் என்று சத்தமாகவே சொன்னேன்:

"யாரு சொன்னாலும் நான் தொறக்கறதா இல்ல."

அதே நேரம் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தனை கைகளும் பேரீச்சம்பழத்தை எடுத்தன. பக்கத்திலிருந்த பெரியவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"நீதான் நோம்பே வெக்கலியேப்பா, நீ இன்னாத்த தொறக்கறது? சாப்புடு."

திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே கடிகாரம் இருந்தது. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. கஞ்சியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரசிக்க முடியவில்லை. பேச வேண்டிய விஷயம் இன்னும் பாக்கி இருந்ததே.

தொழுகை முடிந்து பாய் என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனார். இதோ வந்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வழி கிடைத்துவிட்டது என்றார் அவர். ஏரிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் காவாந்தண்டலத்துக்காரர் தன் ஓரத்தில் விட்டுக்கொடுத்துவிட்டாராம். சுற்றுத்தான், ஆனாலும் மேடு. இனி என் கழனிப் பக்கம் யாரும் வர வேண்டியதில்லை. பழையபடி பேசிக்கொள்வோம் என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

உண்மையைத்தான் சொல்கிறாரா, இல்லை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்தாளிடம் வழி விடச் சொல்லி யார் கேட்டது என்றேன்.

"எங்கம்மாதான் ஆள் அனுப்புச்சிணா. நான் போற அன்னிக்கு அந்தப் புள்ளையாண்ட போயி நிக்காதீங்கடா, இல்லன்னு சொல்ற சங்கடம் அதுக்கு வேணாம்னு சொல்லிச்சு."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டார்களா என்று மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள். இல்லை, இனிமேல் கேட்கவும் மாட்டார்கள் என்றேன். தப்பித்தோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என் நிலத்தில் ஒரு சாண் கூடப் போகவில்லை. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. படுக்கையில் கிடக்கிற அந்த அம்மாள் என் மனசுக்குள் இருந்த பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சுற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்துவிட்டார்.