வலைக்குப் பின்னால் ஒரு முகம்

என் பெண்டாட்டியைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே என் தங்கை காதைப் பொத்திக்கொள்வாள். "அண்ணன் ஆரம்பிச்சிட்டாரு, இனி சோறு ஆறிடும்" என்பாள். ஆறட்டும். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறோம். என் பெண்டாட்டி மாதிரி படம் எடுக்கிறவள் எனக்குத் தெரிந்து இன்னொருத்தி கிடையாது. எனக்குப் பெருமைதான், அதை எதற்கு ஒளிக்க வேண்டும்?

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குழுப் படம், எப்போதாவது ஒரு கல்யாணம். சோடாபுட்டி என்று சொல்ல முடியாது, ஆனாலும் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா அலமாரியா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பேர். "கண்ணு தெரியாதவளா படம் எடுக்கப் போறா?" என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால் அவள் கோபப்பட மாட்டாள். "எனக்கும் கண்ணாடி, கேமராவுக்கும் கண்ணாடி. நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நீங்க மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்பாள்.

அவள் கேமராவை வேறு யாராலும் தொட முடியாது. பூட்டெல்லாம் போடவில்லை, அது அவளுடைய வேலை முறை. மற்றவர்கள் கேமராவில் மேலே இருக்கும் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும், முழுசாக அழுத்தினால் படம் விழும். ஆள்காட்டி விரலுக்கு எதற்கு ரெண்டு வேலை என்று இவள் ஃபோகஸ் வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, கேமராவின் முதுகில் கட்டைவிரல் படும் இடத்திலுள்ள பட்டனுக்குக் கொடுத்துவிட்டாள். கட்டைவிரல் அழுத்தினால் லென்ஸ் ஓடும். விரலை எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் மேல் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஃபோகஸ் அசையாது.

ஸ்டூடியோ முதலாளிக்கு இது தெரியாது. ஒரு நாள் அவசரத்துக்கு அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பிறந்தநாளுக்குப் போனார். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், பிள்ளை, கேக், பெற்றவர்கள் எல்லோரும் புகைக்குள் நிற்கிறார்கள். எல்லோருக்கும் பின்னால் சுவர்க் கடிகாரம் மட்டும் பளிச்சென்று மணி காட்டுகிறது.

"கேமராவுக்கு என்னம்மா செய்வினை வச்சே?" என்று கத்தினார்.

"கட்டைவிரலை வீட்டுல விட்டுட்டுப் போயிட்டீங்க சார்" என்றாள் இவள். பாவம், மறுநாள் அந்த வீட்டுக்கு இவளே போய் பிள்ளைக்கு மறுபடி அதே சட்டையை மாட்டவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது என் தங்கைக்கு வருகிறேன். அவள் ஒரு மருந்துக் கிடங்கில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கிடங்கின் வாலிபால் அணியில் முன்வரிசைக்காரி. எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே ரெண்டு கையையும் நீட்டித் தடுப்பதுதான் அவள் வேலை. ஆள் பனைமரம். சின்ன வயதில் நான் கிண்டலாக வைத்த பேர் அது, இப்போது ஆட்டம் பார்க்க வருகிறவர்களும் "பனை, விடாதே!" என்றுதான் கத்துகிறார்கள். அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான்.

அவளுடைய முழங்கால் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இனிமேல் குதிக்கவே கூடாது என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நிறுவனங்களுக்கிடையேயான இறுதிப் போட்டி அதற்கு முந்தைய வாரம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, எனக்குக் கப்பு கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. ஒரே ஒரு படம் வேணும். நான் குதிக்கிறப்போ என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது."

உண்மைதான். இத்தனை வருஷம் ஆடியதற்கு அவளிடம் ஒரு பெட்டி நிறையப் படம் இருக்கிறது. முதுகைக் காட்டும் படங்களெல்லாம் ஜோராக இருக்கின்றன. முகம் தெரிய வேண்டுமென்றால் வலைக்கு எதிர்ப்பக்கமிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கதிதான். ஆட்டோஃபோகஸ் முதலில் கிடைத்த வலையைப் பிடித்துக்கொள்ளும். வலையில் ஒவ்வொரு முடிச்சையும் எண்ணலாம், பின்னால் என் தங்கை பிசைந்த மாவு மாதிரி இருப்பாள்.

"எடுத்துடலாம்" என்றாள் என் பெண்டாட்டி. அவள் அப்படி ஒற்றை வார்த்தையில் சொன்னால் உள்ளுக்குள் உதறல் என்று எனக்குத் தெரியும். மறுநாளே தெரிந்தவர் ஒருவரிடம் பெரிய லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள், கைக்குழந்தை கனம். கொல்லையில் நான் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே ஒரு பழைய மீன் வலையைக் கட்டினேன். அதற்குப் பின்னால் என்னை நிற்க வைத்து எடுத்தாள். நான் குதித்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவள் கண்டுபிடித்த வழி இதுதான். கேமரா எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று உள்ளே காட்டும் ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிட்டாள். "நடுப்புள்ளிதான் இதுல இருக்கிறதுலேயே கெட்டிக்காரப் புள்ளி. ஆனா அதுக்கும் பிடிச்சுக்க ஒரு ஓரம் வேணும். வெறும் வெள்ளைத் துணியைக் காட்டினா முழிக்கும். சட்டை நம்பரோட விளிம்பைக் காட்டினா கப்புன்னு பிடிக்கும்" என்றாள். தங்கை வலையோரம் தயாராக நிற்கும்போதே கட்டைவிரலால் நம்பரில் ஃபோகஸ் பிடிக்க வேண்டும், பிடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். குதிக்கிறவள் நேர் மேலேதானே போகிறாள், தூரம் மாறாது. வலை குறுக்கே வந்தாலும் லென்ஸ் ஏமாறாது.

"வலையைப் பிடிச்சுதா, ஆளைப் பிடிச்சுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நூல் தெளிவாத் தெரிஞ்சா தப்பு. நூல் கரைஞ்சு காணாமப் போனா சரி."

போட்டியன்று உள்ளரங்கில் கூட்டம் நெரிந்தது. விளக்குகள் மங்கல். மங்கல் வெளிச்சத்திலும் படம் விழட்டும் என்று அவள் கேமராவின் ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்றினாள். "படத்துல கொஞ்சம் மணல் தூவின மாதிரி தெரியட்டும், கை அசைஞ்ச படத்தை வச்சு என்ன பண்றது" என்று ஷட்டர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எதிரணி நிற்கும் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

முதல் செட்டில் தங்கைக்கு வாகாகப் பந்தே வரவில்லை. இரண்டாவது செட் தொடங்கும்போது அணிகள் பக்கம் மாறின, நாங்களும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனோம். கொஞ்ச நேரத்தில் யாரோ அடித்த பந்து கோட்டைத் தாண்டி நேராக இவள் முகத்தில் வந்து விழுந்தது. இவள் முகத்தை மறைக்கவில்லை. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். கண்ணாடி எகிறிப் போய்த் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் சில்லுச் சில்லு.

மூக்கில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. "வா, வெளிய போயிடலாம்" என்றேன். வலையின் அந்தப் பக்கமிருந்து தங்கை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. என் பெண்டாட்டிக்கு அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும்.

"சும்மா இருங்க" என்றாள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். அதன் பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றினாலும் உள்ளே தெளிவாகத் தெரிவதற்காக வைத்தது அது. தெரியாமல் அதைத் திருப்பிவிட்டு, லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. இவள் அதை ஒரு கோடிவரை மெல்லத் திருப்பினாள்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"ஆட்டத்தைப் பார்த்துத் திருப்பக் கூடாது. உள்ள இருக்கிற ஃபோகஸ் புள்ளியையும் கீழே ஓடுற நம்பரையும் பார்த்துத் திருப்பணும். அது கூர்மையா ஆயிடுச்சுன்னா..." பாதியில் நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "உங்க தங்கச்சி முறைக்கிறா. நல்லாத் தெரியுது."

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். கேமராவை விட்டுக் கண்ணை எடுத்தால் அவளுக்கு உலகமே கலங்கிய தண்ணீர். உள்ளே பார்த்தால் கண்ணாடி போட்டது போலவே இருக்கிறது. அதனால் கண்ணை எடுக்கவே இல்லை. யாருக்கு எத்தனை புள்ளி, யார் சர்வீஸ் என்று நான் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "பனை முன்னாடி வந்துட்டா" என்று, பின்வரிசைக்குப் போன தங்கையைப் பார்த்துப் பதற்றத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். "ஏங்க, நீங்க பந்தை மட்டும் சொல்லுங்க, ஆளை நான் பார்த்துக்கிறேன்" என்று அடக்கினாள். மூன்றாவது செட்டுக்கு மறுபடி பக்கம் மாறியபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். உட்கார்ந்ததும் கட்டைவிரல் வேலையைத் தொடங்கிவிட்டது.

கடைசிச் செட், கடைசிப் புள்ளிகள். எதிரணியில் ஓங்கி அடிப்பதில் பெரிய கை ஒருத்தி ஓடி வந்து எழும்பினாள். என் தங்கையும் எழும்பினாள், அந்தக் கெட்ட முழங்காலோடு. காதோரம் ஷட்டர் படபடவென்று அடித்தது. பந்து அவள் கைகளில் பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கம் விழுந்தது. அரங்கம் அலறியது. அந்தப் புள்ளி எங்களுடையது. அடுத்த ரெண்டு புள்ளிகளும் அவர்களுடையவை. ஆட்டமும் அவர்களுடையது.

தங்கை நொண்டிக்கொண்டே எங்களிடம் வந்தாள். அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி கேமராவின் திரையை மூக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் நின்றாள். கண் இமை தெரியும்வரை பெரிதாக்கினாள். கேமராவை நாத்தனாரிடம் நீட்டினாள்.

வலை லேசான பனி மாதிரி கரைந்து போயிருந்தது. அதற்குப் பின்னால் என் தங்கை காற்றில் இருந்தாள். நெற்றி வியர்வை, விரித்த விரல்கள், பந்தின் மேல் நிலைத்த கண்கள். வாய் நிறையச் சிரிப்பு.

"நான் சிரிச்சிக்கிட்டா ஆடுறேன்?" என்றாள் தங்கை. "பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடுறேன்னு நெனச்சேன் அண்ணி."

"எப்பவும் இப்படித்தான் ஆடுறே. எல்லாரும் வலையையே எடுத்துட்டுப் போனா உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை அந்தப் படத்தை அணியில் ஒவ்வொருத்தியிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். "எங்க அண்ணி எடுத்தது, கண்ணாடி இல்லாம எடுத்தது" என்று நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொன்னாள். எனக்குப் பேச ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்குத் தோற்ற அணியிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள் அவள் ஒருத்திதான். அவளைச் சிரிக்க வைத்தவள், வாசல் படி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.