எறும்பு ஏறும் மேசை

பித்தூங் துறைமுகத்தில் எங்கள் மீன் ஆலையின் மின்சாரத்தைப் பார்ப்பவர் தெஸ்கே மகாகன்சா. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. ஏழு வருஷம் கப்பல் கப்பலாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய நான் அங்கே நாலாம் மேசையில் மீன் வெட்டச் சேர்ந்தேன். யாரோடு பேசினாலும் தெஸ்கேயின் கண் அவர்கள் தோளைத் தாண்டிச் சுவரிலிருக்கும் மூன்று விளக்குகளில்தான் இருக்கும்.

மூன்றும் ஒரே மாதிரி எரிந்தால் ஆலையின் கம்பிகள் நலம். ஒன்று மங்கினால் எங்கோ கம்பியின் உறை கெட்டு மின்சாரம் தரைக்கு ஒழுகுகிறது. ஆனால் எங்கள் ஆலையில் அதற்காக எதுவும் தானாக நிற்காது.

"முதல் ஒழுக்கு சும்மா மிரட்டும். அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது வந்தா, ஆளை எடுத்துட்டுப் போகும்" என்பார் தெஸ்கே.

மூன்று நாளாக நடு விளக்கு மங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மேசைகளில் மீன் நகர்த்தும் பெல்ட் நின்றால் பளிச்சென்று ஆகிவிடும். ஆகவே ஓடும்போதுதான் தேட வேண்டும். ஆறு மேசை வரிசைகளில் முதல் இரண்டை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். விளக்கு மாறவில்லை. ஐஸ் உருகி மீன் காத்துக் கிடந்ததுதான் மிச்சம்.

மேலாளர் ஹெங்கி சுபித் கத்தினார். "இன்னொரு வாட்டி வீணா நிறுத்தினே, நாளைக்கே உன்னைக் குளிர்க் கிடங்குக்கு மாத்திடுவேன். பல்பு போயிருக்கும், மாத்திப் பாரு!"

"மாத்திட்டேன் சார்."

"அப்ப இன்னொரு வாட்டி மாத்து!"

நாலாம் நாள் மதியம் தெஸ்கே எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் கை போகவில்லை. என் பக்கத்தில் யூலின் அட்டையிலிருந்து ஒரு ரோஸ் நிற மாத்திரையைப் பிய்த்தாள்.

"என்னடி, காதல் நோய்க்கு மாத்திரையா?" என்றேன்.

"போடி. கையில எறும்பு ஏறுது. கிளினிக்ல வைட்டமின் குடுத்தாங்க. ரெண்டு அட்டை முழுங்கியாச்சு, எறும்பு போகல."

"நாள் பூரா மீன் வெட்டுற கைக்கு எறும்பு வராம மயிலா வரும்?" என்றாள் எதிரிலிருந்த ஒல்வி. "எனக்குந்தான் ஏறுது."

கை மதமதத்தால் எங்கள் ஊரில் 'எறும்பு' என்போம். எல்லாருக்கும் வருவது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம்.

தெஸ்கே தட்டைத் தள்ளி வைத்தார். "யூலின், வீட்ல துணி துவைக்கும்போது ஏறுதா?"

"இல்லக்கா. இங்க மட்டுந்தான்."

"எப்ப?"

"தண்ணி பீச்சி மேசையத் தொடும்போது. முழங்கை வரைக்கும் ஏறும்."

"உனக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு இல்லை. மூவருக்கும் ஒரே மேசைதான், ஆனால் என் ரப்பர் பூட்ஸ் புதுசு. அவர்கள் இருவர் பூட்ஸிலும் ஓட்டை, உள்ளே ஈரம்.

அப்போது மணி அடித்தது. முந்திச் சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே மேசைக்குப் போயிருந்தார்கள். பெல்ட் உறுமியது. யாரோ குழாயைத் திறக்கும் சத்தம். தெஸ்கே ஓடினார்.

"நாலாம் மேசை! கையை எடுங்க! யாரும் தொடாதீங்க!"

சுவிட்ச் பலகைக்கு முன்னால் ஹெங்கி நின்றிருந்தார். நடு விளக்கு முன்னைவிட மங்கியிருந்தது.

"தெஸ்கே, அதைத் தொட்டே, கிடங்குதான்."

"சரி சார். எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு எடுத்து வையுங்க" என்று அவரைத் தோளால் ஒதுக்கி, நாலாவது சுவிட்சைக் கீழே இழுத்தார்.

நாலாவது பெல்ட் மட்டும் நின்றது. எல்லாரும் சுவரைப் பார்த்தோம். மூன்று விளக்குகளும் ஒன்றுபோல எரிந்தன.

சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மேசைக்கடியில் மோட்டாரின் மூடியைக் கழற்றினார். ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கொட்டியது. மேசையிலிருந்து ஒழுக்கைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பி துருப்பிடித்து இரண்டாகக் கிடந்தது. அது செய்ய வேண்டிய வேலையை யூலினின் கை செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஹெங்கி குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மோட்டார் காயணும் சார். நாளைக்குக் காலையில."

கிடங்கைப் பற்றி அவர் பேசவில்லை. மீனை மற்ற மேசைகளுக்குப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிளினிக் கதவில் தெஸ்கே ஒரு தாளை ஒட்டினார்: "கையில் எறும்பு ஏறினால் முதலில் தெஸ்கேயிடம் சொல்லவும். மாத்திரை அப்புறம்."

யூலின் மிச்சமிருந்த அட்டையை அவர் சட்டைப்பையில் செருகினாள். "இந்தாக்கா, உன் விளக்குக்குக் குடு. நாலு நாளா அதுக்குத்தான் உடம்பு சரியில்ல."