இரண்டு நீலக் கதவுகள்

அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று கிளம்பிய வாய்ச்சண்டையில், தையல்காரம்மாவும் அவள் அண்ணனும் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மகளோடுதான் இருந்தாள். ஒருநாள் அண்ணனே போன் செய்தார். “நீலக்கதவு ஓட்டலுக்கு நாலு மணிக்கு வா. உக்காந்து பேசுவோம்.”

பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது நீலக்கதவு ஓட்டல்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீலக் கதவு தெரிய, உள்ளே போய் உட்கார்ந்தாள். பூசாத செங்கல் சுவர், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, பெரிய வட்டக் கடிகாரம். நாலரை ஆயிற்று. அண்ணன் வரவில்லை. போன் போட்டாள்.

“எங்கண்ணா இருக்கீங்க?”

“கடிகாரத்துக்குக் கீழ.”

“நானும் அங்கதானே இருக்கேன்!”

“வர இஷ்டமில்லேன்னா சொல்லிட்டுப் போ. பொய் எதுக்கு?” பட்டென்று வைத்துவிட்டார்.

அண்ணன் போட்ட சத்தம், அவர் உட்கார்ந்திருந்த அசல் நீலக்கதவு ஓட்டலின் முதலாளி காதில் விழுந்தது. தெருவின் மறுமுனையில் தன் கடையை அச்சு அசலாகக் காப்பியடித்து ஒருவன் கடை போட்டிருப்பதில் ஏற்கெனவே நொந்து போயிருந்தவர் அவர். ‘உங்க தங்கச்சி அங்கதான் உக்காந்திருப்பாங்க’ என்று அவர் எடுத்துச் சொல்லியும் அண்ணன் நம்பாமல் போய்விட்டார்.

நாலு நாளில் முதலாளியின் வக்கீலம்மா விசாரித்துக்கொண்டு தையல்காரம்மாவின் வீட்டுக்கே வந்தாள். “அன்னிக்கு நீங்க உக்காந்திருந்தது காப்பியடிச்ச கடை. பேரைத் திருடினாத்தான் தப்புன்னு இல்லம்மா. கடையோட தோற்றத்தையே எடுத்துக்கிட்டு, வர்றவங்களை இதுதான் அதுன்னு நம்பவெச்சாலும் சட்டம் தடுக்கும். ஆனா நெஜமாவே ஒருத்தர் ஏமாந்தாங்கன்னு நாம காட்டணும். நீங்க கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லணும்.”

கோர்ட் வாசலை அவள் மிதித்ததே இல்லை. ஆனால் தான் பொய் சொல்லவில்லை என்பது அண்ணன் காதில் விழ வேறு வழி தெரியவில்லை. சரி என்றாள். அதன்பின் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தாள்.

கூண்டில் ஏறியபோது பின்வரிசையில் ஓட்டல் முதலாளியின் பக்கத்தில் அண்ணன் தெரிந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “வாசல்ல வேற பேரு எழுதியிருந்ததே, படிக்கத் தெரியாதா?”

“தெரிஞ்ச எடத்துக்குப் போறப்ப யாருங்க பலகையைப் படிச்சுட்டு நுழையறாங்க?”

“கண் பார்வை கொறைவோ?”

“உங்க கறுப்புக் கோட்டுல வலது தோள் பிரிஞ்சு, நீல நூல்ல தெச்சிருக்கு. இங்கேருந்தே தெரியுது.”

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. “இவ்வளவு நல்ல கண்ணு எப்படிம்மா ஏமாந்தது?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ? கம்பியை இறுகப் பிடித்தாள். “இந்தக் கண்ணையே ஏமாத்தற அளவுக்குச் செஞ்சிருக்காங்களே, அதை அவங்ககிட்டத்தாங்க கேக்கணும்.”

வெளியே வராந்தாவில் அண்ணன் நின்றிருந்தார். “அவசரப்பட்டுட்டேம்மா” என்றார். பிறகு, “அம்மாவைப் பாக்க வரலாமா?”

பஸ்ஸில் அவளுக்குப் புதிய பயம். இப்போதெல்லாம் அம்மா பக்கத்து வீட்டுக்காரரையே ‘நீ யாரு?’ என்று கேட்கிறாள்; ஆறு வருடம் பார்க்காத மகனை அடையாளம் தெரியுமா? ஆனால் அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏண்டா இப்படி இளைச்சுட்ட?”

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நீலக் கதவோ கடிகாரமோ தனித்தனியாக யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அதே மாதிரி சேர்த்துவைத்து ஆளை மயக்குவது தவறு, முப்பது நாளில் மாற்ற வேண்டும். அடுத்த வாரம் அவள் அந்த வழியாகப் போனபோது போலிக் கடைக் கதவின் நீலப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தன் வாய்ச்சொல்லால் உள்ளே வேலை செய்கிறவர்களின் பிழைப்புப் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தாள். ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.