ஆடிக்கொண்டிருந்த மெமரிப் பெட்டி

மகளின் வேலைக்கான நேர்காணல் இன்று காலை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நடந்தது. தேர்வாகிவிட்டாள். அது முடியும்வரை மிக்ஸியைத் தொடவிடாமல், மோட்டார் போடவிடாமல் காவல் காத்தது நான்தான். சித்தப்பாவின் கம்ப்யூட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எண்பதுகளில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சங்கரன்கோவிலில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டும் டிவியில் மாட்டுகிறவை. அத்தை வீட்டு மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது நாலு பக்கமும் மூடிய பெட்டி. வாங்கும்போது எவ்வளவு மெமரியோ, என்றைக்கும் அவ்வளவுதான். சித்தப்பாவுடையதில் பின்பக்கம் ஒரு திறப்பு உண்டு. சோப்புக்கட்டி அளவிலான மெமரிப் பெட்டியை அதில் செருகிக்கொள்ளலாம். பிறகு பிரிண்டரும் செருகலாம் என்பார்.

"ஒங்க பெட்டி வளராத பிள்ளை, அத்தான்."

"வளருதது இருக்கட்டும் வே, ஒம்ம பெட்டி மொதல்ல ஒழுங்கா நிக்கட்டும்" என்பார் மாமா.

அதில் உண்மை இருந்தது. செருகிய பெட்டி இறுக்கமாக நிற்காது. கொஞ்சம் ஆடினாலும் திரை வெளுத்து, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். எங்கள் சுவருக்கு அந்தப்பக்கமோ விசைத்தறிக்கூடம். தறி ஓடினால் மேசை நடுங்கும். கரண்ட் போனால்தான் தறி நிற்கும். கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். சித்தப்பா ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தார், அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தும் பார்த்தார்.

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கவிருந்த ஒருவர், சித்தப்பா எழுதிய மதிப்பெண் கணக்கிடும் புரோகிராமை வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். "இதுவும் அமையலன்னா நாளையில இருந்து கடையில வந்து உக்காருலே" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஜவுளிக்கடை.

வந்தவர் காப்பி குடிக்கும்போதே திரை வெளுத்தது. சித்தப்பா புரோகிராமைப் பதிந்துவைத்திருந்த கேசட் டேப்பிலிருந்து மறுபடி ஏற்றினார். மறுபடியும் வெளுத்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நம்ம பெட்டியக் கொண்டாரட்டா மாப்ள?" என்று மாமா தணிந்த குரலில் கேட்டார். அதில் கேலி இல்லை.

"அதுல இது கொள்ளாது அத்தான்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்தப்பா மூன்றாம் முறை டேப்பைப் போட்டபோது தறிச்சத்தம் நின்றது. நான் பல்பைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. புரோகிராம் கடைசிவரை ஓடியது. "ஒண்ணாந்தேதி வந்து சேருங்க தம்பி" என்றார் வந்தவர்.

அப்பாவிடம் சொல்ல ஓடினேன். தறிக்கூடத்தில் எல்லோர் கையிலும் டீயும் வடையும். நடுவில் அப்பா நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பாவுக்கு வேலை கிடைச்சிட்டு."

"அப்படியா" என்றவர் தறி முதலாளியிடம், "சரி அண்ணாச்சி, இனி ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

சித்தப்பா அப்படித் தவித்துக்கொண்டிருக்கும்போது இவருக்கு இங்கே வடை கேட்கிறதே என்று எனக்கு வந்த கோபத்தில், அன்று முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.