சாயங்காலம் வரை போகாத மெயில்கள்

மென்பொருளை மதிப்பிடுகிறவனுக்கு மென்பொருளால் வரும் தொல்லை குறைவு; அதன் முன்னால் வந்து உட்காருகிறவர்களால் வருவதே அதிகம். மோடம் கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டு, பாதியில் லைன் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், அறந்தாங்கியில் முத்துக்கருப்பன் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் இருக்கும் ஆண்களுக்கு மெயில் அனுப்ப அவர்கள் வீட்டார் அங்கே வருவார்கள். இணைப்புக்குத் திருச்சிக்கு எஸ்.டி.டி. போன் போட வேண்டும், எழுதி முடிக்கும்வரை மீட்டர் ஓடும். அப்போதுதான் ஒரு மென்பொருள் சோதனைக்கு வந்தது. அதில் லைன் இல்லாமலே எழுதலாம். எழுதியது அவுட்பாக்ஸில் காத்திருக்கும். சாயங்காலம் ஒரே ஒரு போன். காத்திருப்பவை போய்விடும், வரவேண்டியவை இறங்கிவிடும். வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும்படி அண்ணன் என்னிடம் ஒப்படைத்தார்.

மீட்டர் ஓடாத நாற்காலி

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் பார்த்துக்கொள்ளும் ஒருவர், துபாயில் இருக்கும் தம்பிக்கு எழுத வருவார். அவர் மீட்டரைப் பார்த்தபடியே சொல்ல, நான் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பேன். அம்மா நலம், பிள்ளைகள் நலம், கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள், நீ நலமா. ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

புது மென்பொருளில் மீட்டர் ஓடாது, நிதானமாகச் சொல்லுங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா நலம் என்றார். அதற்கு மேல் வரவில்லை. தம்பி போனபிறகு வீட்டில் நடந்ததை எங்கிருந்து தொடங்கலாம் என்று என்னிடமே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மனம் திறந்து பேச விடாமல் அவரைத் தடுப்பது மீட்டர்தான் என்று நான் நினைத்திருந்தேன். நெடுநேரம் கழித்து, வழக்கமாக எழுதுவதையே எழுதிவிடச் சொல்லி எழுந்துகொண்டார்.

“அவசரமில்லன்னு நீங்க சொன்னதுக்கப்பறம் என்ன சொல்றதுன்னே தெரியலங்க.”

கேள்வியைக் காணோம்

அந்த மென்பொருளில் நியூஸ்குரூப் என்று ஒன்றும் இருந்தது. உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவர் கேள்வி போடுவார், வேறு மூலையிலிருந்து இன்னொருவர் பதில் போடுவார். முதல் நாள் போனில் தலைப்புகள் மட்டும் இறங்கும். வேண்டியதைக் குறித்துவைத்தால் மறுநாள் போனில் முழுதாக வரும். பெயரை வைத்து இதைச் செய்தித்தாள் என்றே நம்பிய அண்ணன், டீக்கடையில் போஸ்டரை இன்றைக்குத் தொங்கவிட்டு பேப்பரை நாளைக்குக் கொடுப்பதுபோல இருக்கிறதே என்று குறைபட்டார்.

எனக்கு வேறு குறை. பழைய கேள்விகள் அங்கே அழிந்துபோயிருக்கும். எங்களுக்குப் பதில்கள் மட்டும் வந்து சேரும். ‘நீங்கள் அப்படிச் செய்திருக்கவே கூடாது’ என்று எவரோ எவருக்கோ எழுதியிருந்தார். எப்படிச் செய்தார் அவர்? அதைத் தெரிந்துகொள்ள நானும் விடாமல் தேடினேன். ஏன் இத்தனை ஆர்வம் என்று இப்போது யோசித்தாலும் விளங்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

“எங்க வீட்டுல தெனம் இதுதான் தம்பி. நான் உள்ள நொழையும்போதே பதில் வந்துரும். கேள்வி என்னன்னு நான்தான் தேடிக்கிட்டுத் திரியிறேன்.”

அவுட்பாக்ஸில் ஒரு குடும்பம்

சித்ரா எங்களிடம் டைப்பிங் படித்த பெண். கணவர் பழனிவேல் குவைத்தில் டிரைவர். ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போ என்று கம்பெனி சொல்லிவிட்டது. வீட்டில் கேட்டு உடனே முடிவு சொல்ல வேண்டும். காலையில் வந்த சித்ரா, கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க என்று தானே அடித்து வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவளுடைய மாமனார் வந்தார். கட்டுகிற வீடு கூரை போடாமல் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மருமகள் வந்துபோனாளா என்று கேட்டார். நான் திரையைத் திருப்பிக்கொண்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவள் எழுதியதை எடுத்துவிடச் சொன்னார். எழுதியவர்தான் எடுக்க முடியும் என்றேன். அது மென்பொருளின் விதி இல்லை, அந்த நிமிஷத்தில் நானாக உண்டாக்கியது. அவர் கோபப்படவில்லை. இன்னும் இங்கிட்டுத்தானே கிடக்கிறது, போகாத ஒன்று எப்படி அவளுடையதாகும் என்று கேட்டார். அனுப்பும்வரை திருத்தலாம் என்பதை அந்த மென்பொருளின் பெரிய நிறையாக நினைத்திருந்தவன் நான்.

சாயங்காலம் போன் போடுவதைப் பார்க்க அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்துக்குச் சித்ராவும் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். எதையும் எடுக்க வேண்டாம், இரண்டும் போகட்டும் என்றாள். அப்படியானால் பெரியவன் சொன்னது முதலில் போகட்டும் என்றார் அவர். வரிசையை மாற்றினேன். சித்ரா என் பக்கம் குனிந்து, தனக்கும் அதுவே நல்லது என்று மெல்லச் சொன்னாள். ஆனால் மெயிலில் கடைசியாக வந்தது மேலே நிற்கும், அதைத்தான் பலபேர் முதலில் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? சொன்னால் யார் பக்கம் நின்றவனாவேன்? டயல் செய்தேன்.

“மாமாவோடதே முன்னாடி போகட்டும் சார். எங்க வீட்டுக்காரரு கடைசியாப் படிக்கிறதத்தான் மனசுல வச்சுக்குவாரு.”

மறுநாள் இறங்கியது

ஒரே முகவரிக்குத்தான் பதில் வரும் என்பதால் மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பெரியவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, சித்ராதான் வாசித்தாள். இரண்டும் பழனிவேலுக்குக் கிடைத்ததாம். மாற்றி மாற்றிப் படித்தாராம். கையெழுத்துப் போடவில்லை, வந்துவிடுகிறேன் என்று இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள். திரையில் இன்னும் ஒரு வரி இருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் வரி மிச்சமிருப்பது பெரியவருக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். அப்புறம் வாசித்துவிட்டாள்: அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், வீட்டு வேலையை நினைத்து மனசு ஒடிந்துபோவார், நேரில் வந்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பெரியவர் நாற்காலியை மருமகள் பக்கம் நகர்த்தி, பதில் அடிக்கச் சொன்னார்.

“எனக்கு எதுவும் தெரியாதுன்னே எழுது ஆத்தா. அவன் வந்து சொல்லட்டும், நான் புதுசாக் கேக்குற மாதிரி கேட்டுக்கிறேன்.”

அன்றைக்கே மென்பொருளை வாங்கலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஏன் என்று அவர் கேட்டபோது நல்லவேளையாகக் கரண்ட் போய்விட்டது.