மோர்சாதம் வரைக்கும்

சமயபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு இளம் வக்கீல். கழுத்தில் வெள்ளைப் பட்டை, மடியில் கறுப்புக் கோட்டு, காதில் இயர்பட். ஜிமிக்கி ஊஞ்சலாடும்படி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எதற்கும் மார்க் போடுவேன். இந்த வருஷம் புதிதாகக் கேட்டுப் பிடித்த ஆல்பங்களுக்கும் மார்க் போட்டு வைத்திருந்தேன். அவர் தலையாட்டுவதைப் பார்த்ததும், போனில் இருந்த அந்தப் பட்டியலைப் பெருமையாகக் காட்டினேன்.

“முழுசா கேட்டீங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“பிடிச்ச பாட்டு மட்டும் கேட்டேங்க.”

“சாம்பாரோட எந்திரிச்சுட்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க்கா? மோர்சாதம் வரைக்கும் உக்காரணுங்க!”

ஒரு இயர்பட்டை என்னிடம் நீட்டினார். “இப்பதான் முதல் பாட்டு. கடைசி வரைக்கும் கேட்டாதான் ஆல்பம் பேரைச் சொல்லுவேன்.”

பறையும் வயலினும் ஒன்றையொன்று துரத்தின. கொள்ளிடம் பாலத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் ஆபீஸ் இருக்கும் மாம்பழச்சாலை வந்தபோது இன்னும் ஒரு பாட்டு பாக்கி. தாமதமாகப் போனால் அரைநாள் லீவு போட்டுவிடுவார்கள்.

“மாம்பழச்சாலை இறங்கலையாம்மா?” என்றார் கண்டக்டர்.

“இன்னும் மோர்சாதம் வரலைங்க!”

வக்கீல் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவிரிப் பாலம் முழுக்க இரண்டு பேரும் தலையாட்டினோம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாட்டு முடிந்தது. இயர்பட்டை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே ஆல்பத்தின் பெயரைக் கத்தினார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அரைநாள் போனது போனதுதான். காவிரிப் பாலத்தின் மேல் ஆபீஸை நோக்கித் திரும்பி நடந்தேன், என் போனில் அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேட்டபடி, என் ஜிமிக்கியும் ஆட.