எதிர்க்கடையை எப்படிக் கவிழ்ப்பது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் முந்தின நாள் போய்வந்த கல்யாணச் சாப்பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் உப்பில்லை, இலை கிழிசல், பந்தியில் கேட்பாரில்லை. நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்றால் இருவரும் திணறியிருப்பார்கள். குறை மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தீரவில்லை.

அட, பயிற்சி வகுப்பில் சொன்னது இதைத்தானே! எப்படி முன்னேறலாம் என்று கேட்காதே, எப்படிக் கெடுக்கலாம் என்று கேள். வருகிற பதில்களைத் திருப்பிப்போட்டால் திட்டம் தயார்.

எனக்கு ஒரு திட்டம் அவசரமாக வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கொட்டகையில், எட்டுப் பெண்கள் ஒரு குழுவாகக் கடலை மிட்டாய் போட்டு அங்கேயே விற்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு தொண்டு நிறுவனம் நியமித்த ஒருங்கிணைப்பாளர் நான். மேலாண்மைப் படிப்பை முடித்த சூட்டோடு வந்தவள். வியாபாரம் படுத்துக் கிடந்தது. இன்னொரு வருஷம் இருப்பீர்களா, காலி பண்ணுவீர்களா என்று கொட்டகைக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். காலி பண்ணினால் எட்டுப் பேரும் பழையபடி களையெடுக்கப் போகவேண்டியதுதான்.

ஏற்கெனவே இரண்டு உத்திகள் தோற்றிருந்தன. கலர் சீட்டு கொடுத்து ஆளுக்கொரு யோசனை எழுதச் சொன்னேன். எல்லாச் சீட்டிலும் 'தலைவி சொல்றபடி' என்று இருந்தது. தலைவியின் சீட்டில் 'மேடம் சொல்றபடி'. வரிசையாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது, முதல் ஆள் சொன்னதையே கடைசி வரைக்கும் சொன்னார்கள்.

இந்த முறை மூன்று பேர் மட்டும். தலைவி, செயலாளர், பாகு காய்ச்சுகிற அக்கா. ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வருவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும் என்பது என் விதி. அதனால் வழக்கம்போல முந்தின நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டவுனில் இருக்கிற எங்கள் ஆபீசில் கூடினோம். டீ, பிஸ்கட், வெள்ளைப் பலகை, புது மார்க்கர்.

பெரிதாக எழுதினேன்: 'ஒரே வருஷத்தில் நம் கடையை இழுத்து மூட என்னென்ன செய்ய வேண்டும்?'

திரும்பினேன். மூன்று முகமும் செத்துப்போயிருந்தன.

"அய்யய்யோ, இன்னா பாப்பா இது! மொதல்ல அழி அத." தலைவி கத்தியேவிட்டார்.

செயலாளர் அதற்குள் எழுந்து வந்து முந்தானையாலேயே பலகையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். "நாளைக்கு பௌர்ணமி. இன்னிக்குன்னு பாத்து உன் வாயில வேற வார்த்தையே வரலியா?"

பாகு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

வெல்லம் தீர்ந்தால்கூட இவர்கள் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தெரிந்தே எழுதியிருக்கிறேன்! அவசரமாக மாற்றினேன்.

"சரிக்கா, சரிக்கா. நம்ம கடையே இல்ல. எதிர்ல ஒருத்தர் புதுசா மிட்டாய்க் கடை போட்டிருக்கார்னு வெச்சுக்கோங்க. அவரை எப்படிக் கவுக்கறது?"

தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எதிர்க்கடையா? அத மொதல்லயே கேக்கறதுதானே!"

அப்புறம் பாருங்கள், மார்க்கரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"பதம் பாக்காம பாகை எறக்கணும். மிட்டாய் கல்லாயிடும். கடிச்சா பல்லு அதுலயே நிக்கும்," என்றார் தலைவி.

"பதம் பாக்காம ஏன் எறக்கறாங்க?" என்றேன் சிரித்துக்கொண்டே.

"ஒரு நாள் வேலைய அரை நாள்ல முடிக்கணும்ல?"

"செருப்பில்லாம நடக்கறவங்க, கையில தண்ணி பாட்டில் வேற," என்றார் செயலாளர். "அவங்க தலையில போயி அரை கிலோ அட்டைப்பெட்டிய கட்டணும். எவன் தூக்கினு நடப்பான்?"

மார்க்கர் நின்றது. அந்த அட்டைப்பெட்டி என் யோசனை. தங்க நிற ஓரம்கூட நான் தேர்ந்தெடுத்தது.

"படிச்ச பொண்ணு ஒண்ண புடிச்சி வேலைக்கு வெச்சா..." தலைவி சிரிப்போடு ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் பாதியில் முழுங்கிவிட்டார்.

எந்தக் கூட்டத்திலும் தானாக வாயே திறக்காத பாகு அக்கா அப்போது பேசினார். "பௌர்ணமிக்கு மொத நாளு, பாகு காய்ச்சறவள அடுப்பாண்டேருந்து எழுப்பி மீட்டிங்குக்குக் கூட்டிகினு போயிடணும். வேற ஒண்ணும் வேணாம்."

பலகையைப் படித்தேன். மறுபடி படித்தேன். திருப்பிப்போட ஒன்றுமே இல்லை. எல்லாம் நாங்கள் செய்துகொண்டிருப்பது. பாகுப் பதம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் இங்கே பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அங்கே அடுப்பு அணைந்து கிடந்தது. மாதாமாதம், அதிகம் விற்கிற நாளுக்கு முந்தின நாளில், அதை அணைத்தது நான்.

"ஏங்க்கா ஒரு தடவைகூட சொல்லல?" என்றேன்.

"நீ கூப்ட்ட, வந்தோம்," என்றார் தலைவி. "டீயெல்லாம் வாங்கி வெச்சிகினு ஆசையா உக்காந்திருப்ப. எப்படிச் சொல்றது?"

அத்தோடு கூட்டத்தை முடித்து, ஆட்டோ பிடித்து நால்வரும் கொட்டகைக்குப் போனோம். வழியில் பாகு அக்கா கேட்டார், "பௌர்ணமிக்கு மறுநாள் விடியக்காலைல அந்தப் பாதையில நடந்திருக்கியா? கடிச்சிட்டு தூக்கிப் போட்ட நம்ம மிட்டாய்ங்க அங்கதான் கெடக்கும்."

நடந்ததில்லை. திங்கட்கிழமை நடக்கப்போகிறோம். துப்புரவு ஆட்கள் வருவதற்கு முன்னால், கையில் ஒரு சாக்கோடு. எங்கள் மிட்டாயில் எது கடிபட்டு விழுந்திருக்கிறது, மற்றக் கடைகளின் மிட்டாய்ப் பாக்கெட்டுகளில் எது காலியாகக் கிடக்கிறது, எல்லாவற்றையும் பொறுக்கிவந்து கொட்டகைத் தரையில் பரப்பி, சுற்றி உட்கார்ந்து யோசிப்போம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பத்து மணிக்குக் கொட்டகைக்காரரிடம் போய், ஒரு வருஷம் வேண்டாம், முயன்றுபார்க்க மூன்று பௌர்ணமி மட்டும் கொடுங்கள் என்று கேட்கப்போகிறோம். பேசுவது தலைவி. சாக்கு தூக்குவது நான்.